வழி விட்டதில் உடைந்த தும்பிக்கை

ஒரு பிள்ளையாரின் தும்பிக்கை என்னுடைய மரியாதையால் உடைந்தது. இதை வேறு எப்படிச் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்பதால் இப்படியே சொல்லிவிடுகிறேன். நான் சிலையைத் தொடவில்லை. சிலை வந்த வண்டியில்கூட நான் இல்லை. அதற்கு முன்னால் போன காரில் உட்கார்ந்துகொண்டு, நெடுஞ்சாலையில் ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வழி விடும் வியாதி எனக்கு வெளிநாட்டில் தொற்றியது. மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது, மருமகன் ஓட்டும் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றினேன். அங்கே பக்கச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் இடத்தில் வண்டிகள் பையின் ஜிப்பு மாதிரி கோத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஹாரன் கிடையாது. உள்ளே விட்டவனுக்கு உள்ளே வந்தவன் கையைத் தூக்கி நன்றி சொல்வான். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் வளர்ந்தவனுக்கு அது கோயில் தரிசனம்.

ஊர் திரும்பியதும் நானும் அப்படியே ஓட்ட ஆரம்பித்தேன். புதிதாக மதம் மாறியவனுக்குப் பக்தி அதிகம். "அங்க ஒரு நாளாவது ஸ்டீரிங்கத் தொட்டீங்களா? பின்னால உக்காந்து தூங்கிட்டு வந்ததுக்கு இவ்வளவு உபதேசமா?" என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு அப்போதே பதில் தேடியிருக்க வேண்டும்.

ஓசூருக்கு நான் போனது அவளுக்குப் பதிலாகத்தான். அவளுடைய தம்பி செல்வம் அங்கே ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். திருநெல்வேலியிலிருந்து போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஊருக்கு வெளியே, கிருஷ்ணகிரி சாலையை ஒட்டிய ஒரு காலனியில் வீடு. அந்தக் காலனியில் விநாயகர் சதுர்த்தி பெரிய விசேஷம். ஒவ்வொரு வருடமும் செல்வம் வசூலுக்கு நடப்பான், பந்தலுக்குக் கம்பு பிடிப்பான், கடைசியில் பாத்திரம் கழுவுவான். ஆனால் சிலை எடுத்துவரும் பொறுப்பும் முதல் ஆரத்தியும் காலனியின் பழைய ஆட்களுக்குத்தான். அவர்களுக்கு அவன் 'திர்நெல்வேலி சாரு'. இந்த வருடம்தான், கமிட்டித் தலைவர் கிருஷ்ணப்பா எல்லோர் முன்னாலும், "இந்த வாட்டி செல்வம் சாரு எடுத்துக்கினு வரட்டும், மொத ஆரத்தியும் அவுரே எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். செல்வம் அன்றே போன் செய்தான். அக்காவுக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. தம்பிக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டியை என்னிடம் கொடுத்து அனுப்பினாள்.

முதல் நாள் போய்ச் சேர்ந்ததும் குளிர்ந்தது. திருநெல்வேலிக்காரனுக்கு இருபத்து மூன்று டிகிரி என்பது காய்ச்சல் வருவதற்கு முந்தைய நிலை. மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னிடம் தமிழில் காசு வாங்கினார், பக்கத்தில் இருந்தவரைத் தெலுங்கில் கிண்டல் செய்தார், போனில் மனைவியிடம் கன்னடத்தில் திட்டு வாங்கினார். மூன்றிலும் ஒரே வேகம். சாம்பாரில் வெல்லம் இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இது பாயசத்தின் தூரத்து உறவா என்று யோசித்தேன். மூன்றாவது இட்லிக்குள் பழகிவிட்டது. எங்கள் ஊரில் இதை ஒத்துக்கொண்டால் சொத்தில் பங்கு தர மாட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் களியும் அவரைக்கொட்டைச் சாறும். களியை மெல்லக் கூடாது, முழுங்க வேண்டும் என்று செல்வத்தின் மனைவி ரேவதி சொல்லித்தந்தாள். "மொதல்ல எங்களுக்கும் தொண்டையில நின்னுச்சுண்ணே. இப்ப நிக்காது" என்றாள். வேட்டியைப் பிரித்துப் பார்த்தாள். கரையைத் தடவிவிட்டு, மடிப்புக் கலையாமல் பீரோவில் மேல் தட்டில் வைத்தாள்.

இரண்டாம் நாள் செல்வத்தோடு பந்தல் சாமான் வாங்கக் கிளம்பினேன். காலனியிலிருந்து சர்வீஸ் ரோடு, அங்கிருந்து நெடுஞ்சாலை. ஏறும் இடத்தில் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நின்றேன். லாரி போனது, கார் போனது, ரோஜாக்கட்டு ஏற்றிய வேன் போனது. எவராவது ஒருவர் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துத் தலையசைப்பார் என்று முகத்தைச் சிரித்தாற்போல் வைத்திருந்தேன்.

"அத்தான், யாரப் பாத்துச் சிரிக்கிய?" என்றான் செல்வம்.

"உள்ள விடுவாங்கன்னு பாக்கேன் மாப்ள."

"இங்க யாரும் விட மாட்டாவ. நாமதான் மூஞ்சிய நுழைக்கணும். பாதி வண்டி உள்ள போயிட்டுன்னா பெறவு அவன் நின்னுதான ஆவணும்?"

"நாளைக்கு அவன் உன்ட்ட இதையே செய்வான்."

"செய்வான். நானும் நிப்பேன். அதுல என்ன இருக்கு?"

நான் ஜிப்பு முறையை விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேர் பைக்கை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்தார்கள். யூனிபார்ம் போட்ட தொழிலாளிகள்.

"இன்னா சார், ஸ்டார்ட் ஆவலயா? பேட்டரி போச்சா? நீ நியூட்ரல்ல போடு சார், தள்றோம்."

நான் மறுப்பதற்குள் கார் நகர்ந்தது. ஒருவர் தள்ளிக்கொண்டே இன்னொரு கையை நீட்டி ஒரு டேங்கர் லாரியை நிறுத்தினார். டேங்கர் நின்றது! வண்டி ஓடுகிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, நடுவழியில் இன்ஜின் உயிர்பெற்றதுபோல உறுமவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டேன். செல்வம் அன்று முழுதும் நினைத்து நினைத்துச் சிரித்தான். பழுதாகி நிற்கிறவனுக்கு இந்தச் சாலையில் உயிரையும் கொடுப்பார்கள். காத்து நிற்கிறவன் இருக்கிறானே, அவனை யாருக்கும் புரிவதில்லை.

மூன்றாம் நாள், சதுர்த்திக்கு முந்தைய நாள், காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிலை செய்பவரிடம் போனோம். வாடகைக்கு, குட்டியானை என்று கூப்பிடும் சின்னச் சரக்கு வண்டி ஒன்று. ஓட்டியவர் மாதேஷ் என்ற உள்ளூர்க்காரர், சளசளவென்று பேசுகிறவர். பிள்ளையார் ஆள் உயரம். பச்சைக் களிமண் காய்ந்து சாம்பல் நிறத்தில், வயிற்றில் மட்டும் மஞ்சள் பூச்சு. தும்பிக்கை இடப்பக்கம் வளைந்து கொழுக்கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. செல்வம் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுடைய கல்யாணத்தில்கூட அவன் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

சிலை செய்பவர் ஒரு மஞ்சள் துணியால் பிள்ளையாரின் முகத்தை மூடிக் கட்டினார். பந்தலில் வைத்துப் பூஜை தொடங்கும்வரை அதை அவிழ்க்கக் கூடாது, வழியில் யார் கண்ணிலும் சாமி முகம் படக் கூடாது என்பது வழக்கம். துணிக்கு நடுவில் தும்பிக்கை ஒரு மேடாகத் தெரிந்தது.

"சாரு முன்னாடி போவட்டும்" என்றார் மாதேஷ். "கார் முன்னாடி போனா டோல்ல, கூட்டத்துல ஒரு மரியாதையா இருக்கும். நான் ஒங்க பின்னாலயே வந்துர்றேன்."

செல்வம் குட்டியானையின் பின்னால் ஏறிப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், நிதானமா போங்க, ஆனா நிக்காம போங்க" என்றான். இந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதியை நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரி தாண்டினோம். சூளகிரி தாண்டினோம். கண்ணாடியில் மஞ்சள் துணியும் அதன்மேல் செல்வத்தின் முதுகும் ஆடி ஆடி வந்தன. பிள்ளையாருக்கே முன்னோடியாகப் போகிறோம் என்ற நினைப்பில் நான் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். காலனிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். இடப்பக்கம் சர்வீஸ் ரோடு வந்து நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் ஒரு கம்பெனி பஸ் நின்றிருந்தது. வலது இண்டிகேட்டர் மினுக் மினுக்கென்று எரிந்தது.

அந்த இண்டிகேட்டரில் நேற்றைய என்னைப் பார்த்தேன். யாரும் உள்ளே விடாமல், சிரித்த முகத்தோடு, அனாதையாக.

வேகத்தைக் குறைத்தேன். குறைத்தது போதவில்லை என்று பட்டது, நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, வா வா என்று அழைத்தேன். பஸ் வரவில்லை. டிரைவர் என்னை வாய் திறந்து பார்த்தார். பாவம், வாழ்க்கையில் யாரும் இவருக்கு வழி விட்டதில்லை போலும் என்று நினைத்து, இன்னும் அகலமாகக் கையை வீசினேன்.

அப்போதுதான் பின்னால் டயர் கதறியது.

மோதவில்லை. குட்டியானை என் காருக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வந்த லாரி வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு, என் குடும்பத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனது. நான் இறங்கி ஓடினேன். மாதேஷ் ஸ்டீரிங்கில் தலையை வைத்திருந்தார். செல்வம் பிள்ளையாரைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். பிரேக் அடித்ததும் பிள்ளையார் முன்னால் சாய, இவன் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கியிருக்கிறான். பிள்ளையார் விழவில்லை.

"ஒண்ணும் ஆவலல்லா?" என்றேன்.

அவன் மெதுவாகப் பின்வாங்கினான். சட்டையில் களிமண் அப்பியிருந்தது. மஞ்சள் துணி தட்டையாகத் தொங்கியது. நடுவில் இருந்த மேட்டைக் காணவில்லை.

"துணியத் தூக்கிப் பாரு சாரு" என்றார் மாதேஷ்.

"வழியில தூக்கக் கூடாது" என்றான் செல்வம்.

மூவரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே என்ன என்று மூவருக்கும் தெரியும். தூக்காதவரை தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியில் துணியின் அடியிலிருந்து அதுவாகவே நழுவி, பிள்ளையாரின் மடியில் வந்து விழுந்தது, நுனியில் கொழுக்கட்டையோடு.

"முன்னால போற வண்டி எதுக்கு சாரு நிக்கணும்?" என்றார் மாதேஷ், யாரிடமும் இல்லாமல்.

அந்தச் சாலையில் நின்றபோதுதான் பின்னிருக்கையில் கற்காத ஒன்று எனக்குப் புரிந்தது. வழி விடுகிறவன் தன்னுடைய வழியை மட்டும் விடுவதில்லை. தனக்குப் பின்னால் நம்பி வருகிறவனின் வழியையும் அவனைக் கேட்காமல் எடுத்துத் தானம் செய்கிறான். நன்றி மட்டும் இவனுக்கு.

நேராகக் காலனிக்குப் போகாமல் ஊருக்குள் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் அன்வர் பாய், செல்வத்துக்குப் பழக்கமானவர். பந்தலுக்கு ஆணியும் கயிறும் வருடாவருடம் அவர் கடையில்தான். சிமெண்டு பசை வேண்டும் என்றேன்.

"பைப்பா? எத்தினி இஞ்சு?"

"பைப் இல்ல பாய்" என்றான் செல்வம்.

"டேங்கா? தண்ணி நிக்குமா, ஓடுமா? அதச் சொன்னாத்தான் எது குடுக்கறதுன்னு பாக்கலாம்."

செல்வம் வெளியே நின்ற வண்டியைக் காட்டினான். பாய் வந்து பார்த்தார். மடியில் கிடந்ததைப் பார்த்ததும் தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டார். உள்ளே போய்த் தானே பசை பிசைந்து எடுத்துவந்தார். துணியைத் தூக்காமல், அடியில் கையை விட்டு, தடவிப் பார்த்தே ஒட்டினார். காசு வாங்கவில்லை. "ஒட்டிக்கும் செல்வம். ஆனா கோடு தெரியும். மறைக்க முடியாது" என்றார்.

கோடு கைக்கே தெரிந்தது. பந்தலில் இறக்கியதும் கிருஷ்ணப்பா துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. துணிக்கு வெளியே கையால் ஒரு தடவு தடவினார். நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், சத்தமாகப் பேசாத மனிதர். "பின்னமா பூட்ச்சே" என்றார். உடைந்த சாமிக்குப் பூஜை கிடையாது. அது எனக்கும் தெரியும்.

நான் முன்னால் போனேன். "தப்பு முழுக்க என்னுடையதுங்க. நெடுஞ்சாலையில நான்தான் திடீர்னு நிறுத்திட்டேன்."

"வண்டி ஆஃப் ஆயிட்ச்சா?"

"இல்லைங்க. ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டேன்."

கிருஷ்ணப்பா துணியிலிருந்து கையை எடுத்தார். "பஸ்ஸுக்கா? ஐவேயிலயா? எதுக்கு?"

"அது உள்ள வர நின்னுச்சு. அதான் நிறுத்தி, வரச் சொன்னேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிருஷ்ணப்பா என் தோளில் கை வைத்தார். "நீங்க பெரியவங்க. மச்சான் மேல பழி வரக் கூடாதுன்னு நெனைக்கிறீங்க. நல்ல மனசு. ஆனா புடிச்சிக்கினு வந்தது அவுருதானே?"

நான் சத்தியம் செய்யாத குறைதான். சொல்லச் சொல்ல என் நல்ல மனசு ஊர்ஜிதமாகிக்கொண்டே போனது. ஓடுகிற நெடுஞ்சாலையில் ஒரு பஸ்ஸுக்காக நின்றவன் உண்டு என்பதை அந்தக் காலனியில் ஒருவர்கூட நம்பவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பொய்களை நம்பவைத்திருக்கிறேன். அன்று ஒரு உண்மை வாயிலேயே செத்தது.

"பரவால்ல" என்றார் ஒருவர். "பர்வாலேது" என்றார் இன்னொருவர். "பர்வாகில்லா" என்றார் கிருஷ்ணப்பாவின் வீட்டம்மா. மூன்று மொழியிலும் அதற்கு ஒரே பொருள்தான். அன்று மூன்றிலும் அந்தப் பொருள் இல்லை.

நான்காம் நாள் சதுர்த்தி. கிருஷ்ணப்பா காலையிலேயே தன் வீட்டிலிருந்து ஒரு முழம்கூட இல்லாத அச்சுப் பிள்ளையாரைக் கொண்டுவந்தார். ஆள் உயரத்துக்குப் போட்ட பந்தலில், அத்தனை சீரியல் விளக்குக்கு நடுவில், அவர் தொலைந்துபோன குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரிய பிள்ளையாரைப் பந்தலுக்குப் பின்னால், துணியை அவிழ்க்காமல், தார்ப்பாய்க்கு அடியில் வைத்தார்கள். யாரும் செல்வத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

முதல் ஆரத்தியை வழக்கம்போலக் கிருஷ்ணப்பா எடுத்தார். செல்வம் பழைய வேட்டியில் வந்து, பந்தல் வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். ரேவதி எனக்குச் சுண்டல் கொடுத்தாள்.

"வேட்டி கட்டலியா அவன்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்ங்காவண்ணே." சுண்டல் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "மடிப்புக் கலையல. அப்படியேதான் இருக்கு" என்றாள்.

மத்தியானம் செல்வமும் மாதேஷும் நானும் பெரிய பிள்ளையாரை ஏரிக்குக் கொண்டுபோனோம். இந்த முறை நான் குட்டியானையில் பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டேன். மேளம் இல்லை, பூ இல்லை. தண்ணீரில் இறக்கும் முன் துணியை அவிழ்க்கலாமா என்று கேட்டேன். "பூஜையே இல்லாத சாமிக்கு முகம் எதுக்கு அத்தான்?" என்றான் செல்வம். துணியோடேயே இறக்கினோம். பாயின் பசை நன்றாகப் பிடித்திருந்தது. உடம்பெல்லாம் கரைந்த பிறகும் தும்பிக்கை கொஞ்ச நேரம் மேலே தெரிந்தது.

மறுநாள் கிளம்பினேன். செல்வத்துக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். நெடுஞ்சாலை மேம்பாலத்துக்கு அடியில் நான் கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்புவதற்கு முன்னால், வழியில் அவனுடைய பஸ் நிற்கும் இடத்தில் இறக்கிவிடச் சொன்னான். சர்வீஸ் ரோட்டில் போனோம். நெடுஞ்சாலையில் சேரும் வாயில் ஒரு கம்பெனி பஸ். இடப்பக்கக் கதவு வழியாக யூனிபார்ம் போட்டவர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். வலது இண்டிகேட்டர் மினுக் மினுக்கென்று எரிந்தது.

நான் காரை நிறுத்தினேன். அந்த லைட்டையே பார்த்தேன்.

"ஆமா, அதேதான்" என்றான் செல்வம். "எங்க கம்பெனி பஸ்ஸு. தெனமும் இந்த நேரத்துக்கு இங்க நின்னுதான் ஆள் ஏத்தும். முழுக்க ஏறுனாத்தான் எடுப்பாரு. அந்த லைட்டு ரிப்பேரு, எப்பவும் எரிஞ்சிட்டேதான் கெடக்கும்."

"அன்னைக்கே ஏன் மாப்ள சொல்லல?"

"சொன்னா தும்பிக்கை வந்துருமா?" கதவைத் திறந்து இறங்கினான். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாகக் குனிந்தான்.

"நேத்து டிரைவர் போன் பண்ணிக் கேட்டாரு அத்தான். 'அன்னைக்கு நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு என்னப் பாத்து வா வான்னாரே ஒருத்தரு, ஒங்க சாமி வண்டிக்கு முன்னால, யாரு செல்வம் அந்த ஆளு?'ன்னு. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."